செம்பூரணி பஸ் ஸ்டாண்டுத் தண்ணீர்ப் பந்தல்

அந்த இளநீரைக் குடித்திருக்கவே கூடாது. மாரிக்கனி தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்தாள், கேட்டால்தானே அந்த மனுஷன். எம்.எல்.ஏ. விடுதி வாசலில் வண்டிக்காரரை நிறுத்தி, "நல்ல வழுக்கையா ஒண்ணு சீவுங்கண்ணே, எங்க எம்.எல்.ஏ. அம்மா இன்னைக்குச் சட்டசபையில பேசுறாக" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லி, சீவியதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து நீட்டினார் தவசி. "குடி புள்ள. தொண்டை கட்டிக்கிட்டா குரல் எடுபடாது." கட்டின புருஷன் கோயில் தீர்த்தம் மாதிரி நீட்டுகிற இளநீரை எந்த மகராசி தட்டுவாள்? குடித்தாள். வழுக்கையையும் சுரண்டித் தின்றாள். இப்போது அது அடிவயிற்றில் உட்கார்ந்துகொண்டு நான் இங்கேதான் இருக்கிறேன், நான் இங்கேதான் இருக்கிறேன் என்கிறது. மேலே ஏ.சி. காற்று நேராக அவள் பிடரியில் இறங்குகிறது. இடைக்கால பட்ஜெட் விவாதம். யாரோ ஓர் உறுப்பினர் கட்சித் தலைவரைச் சூரியன் என்று சொல்லி முடித்து, சந்திரன் என்று ஆரம்பித்திருக்கிறார். மேசைகள் தட்டப்படுகின்றன. மாரிக்கனியும் தட்டினாள். கை தன் பாட்டுக்குத் தட்டும், நாலரை வருஷப் பழக்கம். கால்களை ஒன்றோடொன்று சேர்த்து இறுக்கிக்கொண்டு தட்டினாள். எழுந்து போய்விட்டு வரலாமா? போன நேரத்தில் பேர் கூப்பிட்டுவிட்டால்? ஆள் இல்லை என்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார் பேரவைத் தலைவர். இந்தக் கூட்டத்தொடர் முடிந்தால் தேர்தல்தான். இனிமேல் எழுந்து நின்று கேட்க ஏது நாள்? அடக்கு, மாரிக்கனி. உனக்கு இது புதுசா?

புதுசில்லைதான். வெள்ளரிக்காய் விற்ற காலத்தில் காலையில் ஊரில் புறப்படும்போது ஒதுங்கினால், அடுத்தது திரும்பி வீட்டுக்கு வந்துதான். நடுவில் வெயில், பஸ், புழுதி, தொண்டைத் தண்ணீர் வற்றுகிற கூவல். அவள் விற்ற வெள்ளரிக்காயை அவளே ஒரு கடி கடித்ததில்லை, அதுவும் தண்ணீர்தானே. பஸ் ஜன்னல் ஜன்னலாக ஓடுவாள். டிரைவர் ஏறி உட்கார்ந்து வண்டியை உறுமவிட்டால் இனி நொடிக் கணக்கு. அதற்குள் பிஞ்சைக் கீறி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி, கையில் கொடுத்து, சில்லறை வாங்கிவிட வேண்டும். பூக்கார சீனித்தாய்க்கு அது வராது. அவள் ஒவ்வொரு ஜன்னலிலும், "அக்கா நல்லா இருக்கீகளா, புள்ளைக்குக் கலியாணம் ஆயிருச்சா" என்று விசாரிக்க ஆரம்பித்து, பூ என்று வாயைத் திறக்கிறபோது பஸ் போய்விடும். "ஏட்டி, முதல்ல சரக்கோட பேரைச் சொல்லு, அப்பறம் சொந்தம் கொண்டாடு" என்று மாரிக்கனி திட்டுவாள். சிரிப்பாள் சீனித்தாய், வெற்றிலைக் காவிப் பல் தெரிய. ஆரம்பத்தில் பஸ் ஸ்டாண்டின் கிழக்கு மூலையில் பழைய கக்கூஸ் ஒன்று இருந்தது. தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவில் முதுகைக் கொடுத்து நிற்க வேண்டும். சீனித்தாயின் முதுகு நல்ல அகலம். நாற்றம் குடலைப் பிடுங்கும், ஆனாலும் நாலு சுவரும் ஒரு கூரையும் அல்லவா? ஓர் ஐப்பசி மழையில் கூரை இறங்கி, சுவர் சரிந்து, நகராட்சிக்காரர்கள் வந்து மண்ணை அள்ளிப் போனார்கள். புதுசு கட்டுவோம் என்றார்கள். கட்டுவதற்குள் தலைவர் பிறந்தநாள் வந்துவிட்டது.

அந்தப் பிறந்தநாளை நினைத்தால் மாரிக்கனிக்கு இப்போதும் தவசி மேல் பிரியம் பொங்குகிறது. பிரியமும் எரிச்சலும், இரண்டும் ஒரே அடுப்பில் வேகும். அப்போது அவர் வெறும் கிளைச் செயலாளர். கட்சிக்குப் போஸ்டர் ஒட்டி ஒட்டி விரல் நகத்திலெல்லாம் பசை. காலி இடத்தைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். தென்னங்கீற்று வாங்கிப் பந்தல் போட்டார். மானாமதுரைப் பானைகள் இறக்கினார். வெட்டிவேர் கட்டிப் போட்டார். பந்தல் உச்சியில் தலைவர் படம், கையில் தண்ணீர்க் குவளையோடு சிரிக்கிற படம், அதை வரைய மதுரையிலிருந்து ஆள் வந்தது. மாவட்டச் செயலாளர் வந்து திறந்து வைத்து, "தவசி மாதிரி தொண்டன் இருக்கிறவரைக்கும் நம்ம கட்சியை அசைக்க முடியாது" என்று முதுகில் தட்டினார். அந்தத் தட்டலில் ஒன்றியச் செயலாளர் ஆனார். ஒன்றியச் செயலாளர் வீட்டுக்காரி என்பதால் பெண்கள் வார்டில் மாரிக்கனி கவுன்சிலர் ஆனாள். அப்புறம் நகராட்சித் தலைவி. அப்புறம் இந்த நாற்காலி. கீற்றுப் பந்தல் தகரப் பந்தலாகி, தகரம் சிமெண்டுத் தூணும் கிரானைட் மேடையுமாகிவிட்டது. ஒன்று மட்டும் மாறவில்லை. இன்றைக்கும் விடிந்ததும் எம்.எல்.ஏ. வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போய், தன் கையால் பானை கழுவித் தண்ணீர் ஊற்றுவார். ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்றால், "நம்ம வெளங்குனதே இந்தத் தண்ணியிலதான் கனி" என்பார். அந்த மனுஷனிடம் போய், உங்கள் பந்தல் நிற்கிற இடம்தான் எங்கள் கக்கூஸ் இருந்த இடம் என்று எந்த வாயால் சொல்ல? அவருக்கும் தெரியாதா என்ன. தெரியும். ஆண்பிள்ளைக்கு அதெல்லாம் தெரிந்தும் தெரியாத விஷயம். பஸ் ஸ்டாண்டின் பின்சுவர் முழுக்க அவர்கள் சொத்து.

பக்கத்து இருக்கை ரெஜினா அவள் முழங்கையை மெல்ல இடித்தாள். கடலோரத் தொகுதிக்காரி, இரண்டாவது முறை உறுப்பினர், வாய்க்குள் எப்போதும் ஒரு ஏலக்காய். "என்னக்கா, முகம் ஒரு மாதிரி இருக்கு?" மாரிக்கனி உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணால் கீழே காட்டினாள். ரெஜினா புரிந்துகொண்டு வாயைப் பொத்திச் சிரித்தாள். "நான் காலையில இருந்து ஒரு சொட்டு குடிக்கலைக்கா. பேசுற அன்னைக்குக் குடிக்கலாமா?" நியாயமான கேள்வி. பிரச்சாரத்தில் ஜீப்பில் நின்றபடி ஊர் ஊராகப் போன நாட்கள். ஆரத்தித் தட்டு, கும்பிட்ட கை, கழுத்தில் மாலை, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருக்கும். ஊருக்கு ஊர் சோடாவும் மோரும் நீட்டுவார்கள், வாங்கி உதட்டில் படுகிற மாதிரி காட்டிவிட்டுப் பின்னால் நிற்கிறவர்களிடம் கொடுத்துவிடுவாள். வேட்பாளர் ஜீப்பை நிறுத்தி, கருவேலங்காட்டுக்குள் போய்விட்டு வருகிறேன் என்று சொல்ல முடியுமா? வேட்டி கட்டியவர்கள் போனார்கள், சாவகாசமாகப் போனார்கள். ஓட்டு எண்ணி ஜெயித்தாள் என்று அறிவித்தபோது அவள் நீர்க்கடுப்பில் சுருண்டு கிடந்தாள். வெற்றிப் புன்னகை என்று பேப்பரில் வந்த படத்தை இப்போதும் பார்க்கலாம், பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள். நியாயமாக அந்தச் சீட்டு தவசிக்கு வந்திருக்க வேண்டும். சாலை மறியல் வழக்கு ஒன்று கோர்ட்டில் இழுத்துக்கொண்டிருந்ததால் தலைவர் யோசித்தார். உன் வீட்டுக்காரி பேசுவாளா என்று கேட்டாராம். "பஸ்ஸையே நிறுத்துற குரலுங்க தலைவரே" என்றாராம் இவர். தன் பேர் எழுதியிருந்த இலையை எடுத்துப் பெண்டாட்டி முன்னால் போட்டுவிட்டு, அவள் சாப்பிடுகிறாளா என்று எதிரே உட்கார்ந்து பார்க்கிற ஜாதி. ஊரில் என்னென்னவோ சொன்னார்கள், அவள் பொம்மை, கயிறு அவர் கையில் என்று. கயிறு என்றால் கயிறுதான். கிணற்றில் இறங்குகிறவள் இடுப்பில் கட்டுகிற கயிறு.

மேடையில் மணி அடிக்கிறது. சந்திரனை முடித்து, தொகுதிக்கு வந்து, "எனது தொகுதியில் உள்ள கண்மாயை..." என்று அந்த உறுப்பினர் ஆரம்பிக்க, மைக் செத்துவிட்டது. வாய் மட்டும் அசைகிறது. உட்கார்ந்துவிட்டார், முகத்தில் வருத்தமே இல்லை, சூரியனும் சந்திரனும் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டன. கண்மாய் தூர்ந்தே கிடக்கும். போன வருஷம் இவளுக்கும் இதுவே நடந்தது. தவசி எழுதிக் கொடுத்ததை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள். தென்னாட்டுத் தீபமே, தாயினும் சாலப் பரிந்தவரே, ஏழை வீட்டு உலையில் அரிசியாய் விழுந்தவரே. மேசைகள் அதிர்ந்தன. அப்போது மணி. மறுநாள் பேப்பரில் அரிசி மட்டும் வந்தது. ஊரில் வரவேற்பு, வெடி, மாலை. கூட்டத்துக்குப் பின்னால் பூக்கூடையோடு நின்றிருந்தாள் சீனித்தாய். "நல்லாப் பேசுன மாரிக்கனி, டீக்கடை டிவியில பார்த்தேன்" என்றாள். அப்புறம் கூடையிலிருந்து ஒரு முழம் கிள்ளி அவள் தலையில் வைத்துவிட்டு, "பஸ்ஸு போயிருச்சு, என்ன?" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலாம். தலையில் வைத்த பூ அன்று முழுக்கக் கனத்தது.

தை மாசம் சீனித்தாயைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கால் வீங்கி, முகம் உப்பி, கட்டிலில் பாதியாகக் கிடந்தாள் அந்த அகல முதுகுக்காரி. சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கிறது என்றாள் டாக்டர் பெண். "வருஷக் கணக்கா அடக்கி அடக்கி, திரும்பத் திரும்பக் கிருமி ஏறியிருக்கு. இனிமேலாவது நல்லாத் தண்ணி குடிக்கணும் பாட்டி, அடக்கவே கூடாது." பாட்டியாம். மாரிக்கனியைவிட ஒரு வயசு இளையவள். சீனித்தாய் டாக்டரை ரொம்பப் பிரியமாகப் பார்த்தாள். பால்வாடிப் பிள்ளையைப் பார்க்கிற பார்வை. "குடிச்சிட்டு எங்கிட்டுத்தாயி போக?" டாக்டர் பெண் மாத்திரைச் சீட்டை எழுதினாள். சீனித்தாய் தேறி மறுபடியும் பஸ் ஸ்டாண்டில் அதே தூணடியில் பூக்கட்டுகிறாள், கட்டாவிட்டால் சோறு? தண்ணீர்ப் பந்தல் கைக்கெட்டுகிற தூரம். பானையில் வெட்டிவேர் மணக்கிறது. தலைவர் குவளையை நீட்டிச் சிரிக்கிறார். குடிப்பதில்லை அவள். எம்.எல்.ஏ. போய் நகராட்சி கமிஷனரைக் கேட்டாள். வேறு இடம் இல்லைங்கம்மா, சுற்றிக் கடைகள், சாக்கடைக் குழாய் போவது அந்த மூலையில்தான், அந்த இடத்தில் தலைவர் படம் இருக்கிறது, நாங்கள் கை வைத்தால் வேலை போய்விடும், மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தால் மறுநாளே தோண்டுகிறோம் என்றார். சரி, கட்சிக்காரர்களே எடுத்துவிடலாம் என்றால், சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விட வேண்டுமே. நகரச் செயலாளர் ஒருத்தர் அதற்காகவே காத்துக்கொண்டிருக்கிறார். தலைவர் படத்தைப் பிடுங்கிவிட்டுக் கக்கூஸ் கட்டுகிறாள் மாரிக்கனி என்று படம் பிடித்துத் தலைமைக்கு அனுப்பினால், சீட்டு அவர் மச்சானுக்கு. அப்படி அனுப்பாமல் இருக்க அவர் ஒன்றும் புத்தரில்லை.

மடியில் தவசி எழுதிய உரை. கோடு போட்ட தாளில், ஆணி அடித்தது போன்ற கையெழுத்து. மூன்று பக்கம் தலைவர். கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில், "மேலும் செம்பூரணி பேருந்து நிலையத்தில் மகளிர் சுகாதார வளாகம்" என்று இருக்கிறது. எழுதியிருக்கிறார், எழுதாமல் விடவில்லை. காலையில் அவள் கேட்டாள். "இந்த வரியை மேல கொண்டு போயிரலாமாங்க?" "மேல தலைவர் இருக்காருல்ல புள்ள. சாமியைக் கும்பிட்டுட்டுத்தான் சாப்பாடு." "அதுக்குள்ள மணி அடிச்சிட்டா?" அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பினார். "அடிக்க மாட்டாக." அடிப்பார்கள் என்று அந்த முதுகுக்குத் தெரியும். அது பயம்தான். அவருக்காகப் பயமில்லை, இவளுக்காக. வெள்ளரிக்காய்க் கூடையிலிருந்து இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தவளை மறுபடியும் வெயிலில் பார்க்க முடியாத பயம். அப்புறம்தானே கீழே இறங்கி இளநீர் வாங்கினார். இதோ மாடத்தில் இருக்கிறார், பார்வையாளர் வரிசையில் ஓரமாக. வெள்ளைச் சட்டை விறைக்க விறைக்க, கல்யாண வீட்டுப் பெண்ணுக்கு அப்பன் மாதிரி. நிமிர்ந்து பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார், தைரியமாப் பேசு என்று. ஐயோ, இந்த மனுஷன் முன்னாலா? இந்த முகத்துக்கு முன்னாலா அந்தப் பந்தலைப் பிரிக்கச் சொல்ல? வேண்டாம். வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவோம். இன்னொரு தடவை ஜெயித்து வந்து கேட்டால் ஆகாதா? சீனித்தாய் அதுவரைக்கும் அடக்க மாட்டாளா? அடக்குவாள். அவள் அடக்கிக்கொண்டேதானே இருக்கிறாள். அடிவயிறு இப்போது குத்த ஆரம்பித்துவிட்டது, கண்ணில் நீர் முட்டுகிறது, கால் பெருவிரல்கள் செருப்புக்குள் மடங்கிக்கொள்கின்றன. தனக்கு இது ஒரு காலைப் பொழுது. சீனித்தாய்க்கு இருபத்தைந்து வருஷம்.

"உறுப்பினர் மாரிக்கனி அவர்கள்."

எழுந்தாள். ரெஜினா சேலைக் கொசுவத்தை இழுத்துச் சரி செய்துவிட்டாள். மைக்கில் சிவப்பு விளக்கு. எங்கேயோ டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார், வண்டி உறுமுகிறது, ஜன்னல்கள் நகரப் போகின்றன. கையில் இருந்த தாளைப் பார்த்தாள். தென்னாட்டுத் தீபமே. ஏட்டி, முதல்ல சரக்கோட பேரைச் சொல்லு. தாள் மேசையில் விழுந்தது, அல்லது அவள்தான் போட்டாள்.

"மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, எங்க செம்பூரணி பஸ் ஸ்டாண்டுல பொம்பளைகளுக்குக் கக்கூஸ் இல்லைங்க."

சிரிப்பு எழுந்தது. பஸ்ஸையே நிறுத்துகிற குரல் அதன் மேல் ஏறிப் போனது. "பூ விக்கிறவ, பழம் விக்கிறவ, பள்ளிக்கூடத்துப் பிள்ளை, பிரசவத்துக்குப் பெரியாஸ்பத்திரி போறவ, எல்லாரும் அங்கதான் மணிக்கணக்கா நிக்கணும். பழைய கக்கூஸ் இடிஞ்ச இடத்துல நாங்கதான், எங்க கட்சிக்காரங்கதான், தலைவர் பேரால தண்ணிப் பந்தல் வச்சோம். ஆசையா வச்சோம். ஆனா அந்தத் தண்ணியை ஒரு பொம்பளை தொட மாட்டேங்கிறா. குடிச்சிட்டு எங்கிட்டுப் போகன்னு கேக்குறா. பந்தலை நாங்க தள்ளி வச்சுக்கிறோம். அந்த இடத்துல கட்டிக் கொடுங்க. அப்பத்தான் தலைவர் கொடுக்கிற தண்ணி பொம்பளைக தொண்டையில இறங்கும்." சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. பிறகு மேசைகள் தட்டப்பட்டன. எதிர் வரிசையில். ஐயோ, எதிர் வரிசையில். எதிர்க்கட்சிக்காரன் தட்டினால் அது தட்டல் இல்லை, கொள்ளி. தன் பக்கத்தில் எல்லாரும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு கை மட்டும் பக்கத்திலிருந்து பட் பட் என்று தட்டியது, ஏலக்காய் மணத்தோடு. மாரிக்கனி அவசரமாகத் தலைவர் புகழுக்குத் தாவினாள். "எங்கள் தென்னாட்டுத் தீபம், தாயினும் சாலப் பரிந்த..." மணி அடித்தது. மைக் செத்தது. தீபம் பாதியில் அணைந்தது. மாடத்தைப் பார்த்தாள். ஓரத்து இருக்கை காலி.

போய்விட்டார். கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். நாலுபேர் முன்னால் பந்தலைப் பிரித்தேனே, பானை கழுவுகிற அந்தக் கையை நினைக்காமல் போனேனே. அழக்கூட இப்போது முடியாது. உடம்புக்கு வேறு அவசரம். வரிசையைத் தாண்டி, கதவைத் தள்ளி, வராந்தாவில் ஓட்டமும் நடையுமாகப் போனாள். பெண்கள் என்று எழுதிய கதவு, உள்ளே தாழ்ப்பாள், நல்ல பித்தளைத் தாழ்ப்பாள். அதைப் போட்டுவிட்டு உட்கார்ந்து, தண்ணீரோடு தண்ணீராக அழுது முடித்தாள். முகம் கழுவி வெளியே வந்தபோது வராந்தாத் தூணில் சாய்ந்து தவசி நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு தண்ணீர் பாட்டில்.

"எப்பங்க எந்திரிச்சு வந்தீக?"

"நீ தாளைக் கீழ போட்டதும் படியிறங்கிட்டேன். கேன்டீன்ல டிவி ஓடுது, மிச்சத்தை அங்க நின்னு கேட்டேன். முடிஞ்சதும் நீ இங்கதான் ஓடி வருவேன்னு தெரியும்." அவர் பாட்டிலின் மூடியையே பார்த்தார். "இந்தத் தடவை நமக்குச் சீட்டு இல்ல கனி."

"தெரியுங்க."

"எதிர்க்கட்சிக்காரன்லாம் தட்டிட்டான்."

"ஆமாங்க."

"ஆனா நகராட்சி அமைச்சர் ஏதோ குறிச்சுக்கிட்டாரு. டிவியில காட்டுனான்." பாட்டிலைக் கை மாற்றிக்கொண்டார். "இத்தனை வருஷமா விடிஞ்சதும் தண்ணி ஊத்துறேன். சாயங்காலம் பானையில பாதி அப்படியே கெடக்கும். வெயில் கம்மி போலன்னு நெனச்சுக்கிட்டேன் புள்ள."

வெள்ளைச் சட்டையின் கை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள், சட்டமன்ற வராந்தா என்று பார்க்காமல்.

"ஊருக்குப் போனதும் நானே இடிச்சு எடுத்துருவேன். எவனாச்சும் படம் பிடிச்சா பிடிச்சுக்கட்டும்" என்றார். மூடியைத் திருகி, காலையில் இளநீரை நீட்டினது போலவே இரண்டு கையாலும் நீட்டினார். "குடி."

மாரிக்கனி வாங்கி அண்ணாந்து, பாதியில் நிறுத்தாமல், பாட்டில் தீருகிற வரைக்கும் குடித்தாள்.